கட்டுக்கோப்பில் தமிழ் உண்டா?

கலைச்சொற்கள் ஆக்கப்பட்டுவிட்டன, விசைப்பலகை வந்துவிட்டது, எழுத்துருக்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன, ஆகவே கணினியில் தமிழ் இனித் தானே வாழ்ந்துகொள்ளும் என்று தமிழ்ப்பற்றுடையோருள் பலரும் எண்ணி அமைந்திருக்கின்றனர். இவ்வெண்ணம் பிழைபட்டது. சொல்லை ஆக்குவது ஒரு பணி. ஆக்கிய சொல்லைப் பொறிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு பணி. முன்னதைச் செய்யத் தமிழ்நாட்டில் ஆள் உண்டு. பின்னதைச் செய்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அப்பின்னைப் பணியைப் பற்றித் தமிழியக்க மேடைகளில் பேச்சே எழுவதில்லை. அஃது இன்னதென்று அறியாமையே அதற்குக் கரணியம்.

நாமக்கல்லில் சரக்குந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகளைக் கண்டவர்க்கு இதை விளக்குதல் எளிது. 'பாடி கட்டுதல்' என்று ஊரார் வாயில் வழங்கும் தொழில் அது. தொழிலகத்திலிருந்து வருவது பொறியும் உருளிகளும் அடிச்சட்டமும் மட்டுமே. அதன்மேல் திறந்த கூடு அமைவதா, எரிவளி கொண்டுசெல்லும் உருளைத் தொட்டி அமைவதா என்பதை உடையவரின் தொழிலே முடிவு செய்யும். அடிச்சட்டம் ஒன்றுதான், கட்டப்பட்டு வெளிவரும் வண்டியோ வேறு வேறு. எந்த உறுப்பு, எந்த அளவு, எதன்பின் எது என்னும் ஒழுங்கு பட்டறைக்காரரின் கைக்குறிப்பிலோ நெஞ்சிலோ இருக்கும். அவ்வொழுங்கில் ஓர் உறுப்பின் பெயர் விட்டுப்போயின், அவ்வுறுப்பு பட்டறையின் மூலையிலேயே கிடக்கும்; வண்டி அஃதின்றியே வெளியேறும்.

மென்பொருளும் அவ்வாறே கட்டப்படுகின்றது. நிரல் எழுதுவோர் எழுதிக் குவிப்பவை ஆயிரக்கணக்கான கோப்புகள். அவற்றுள் எவை சேரவேண்டும், எவை விடப்படவேண்டும், எந்தப் பொறிக்கு எவ்வாறு பொருந்தவேண்டும், எந்தெந்த மொழிகள் உள்ளே செல்லவேண்டும் என்றெல்லாம் கணினிக்குக் கட்டளையிடும் ஆணைத்தொடர்கள் தனியே உள. தொழிலறிந்தோர் அவற்றைப் 'பில்டு பைல்' என்றும் 'மேக்கு பைல்' என்றும் வாயளவில் வழங்கிவருகின்றனர். கட்டுக்கோப்பு என்னும் தூய தமிழ்ச்சொல் இதற்கென்றே வாய்த்தது போன்று இருக்க, பில்டு என்றும் மேக்கு என்றும் இடர்ப்படுவானேன்? கோத்தல் என்பது ஒழுங்குற இணைத்தல். பூக் கோப்பதும் மணி கோப்பதும் அச்சுக் கோப்பதும் அதனடியாய்ப் பிறந்த வழக்குகளே. கணினியில் 'பைல்' என்பதற்குக் கோப்பு என்னும் சொல் முன்பே நிலைபெற்றுவிட்டது. கட்டுதற்குரிய கோப்பு கட்டுக்கோப்பு. கட்டுப்பாடும் ஒழுங்கும் என்னும் பழம்பொருளும் அதனுள் அடங்கியே நிற்கும்.

இவ்வகைக் கோப்புக்கு முதல் வடிவம் தந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்த இசுடூவர்ட்டு பெல்டுமன். ஆண்டு 1976. அவர் ஆக்கிய 'மேக்கு' என்னும் கருவி இன்றளவும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் 'தாவல்' என்னும் விசையின் வெற்றிடத்தோடு தொடங்கவேண்டும். வெறும் இடைவெளி இட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இது குறைபாடு என்று பெல்டுமன் விரைவிலேயே அறிந்தார். ஆயினும் அதற்குள் ஒரு சிறு கூட்டம் அக்கருவியைக் கையாளத் தொடங்கிவிட்டதால், அவர்தம் கோப்புகள் முறிந்துபோகுமே என்று மாற்றாது விட்டுவிட்டார். சிலருக்காக விடப்பட்ட அக்குறையை அரை நூற்றாண்டாக உலகமே சுமந்துவருகின்றது. கட்டுக்கோப்பில் ஒருமுறை நுழைந்தது எளிதில் வெளியேறாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. நுழையாதது தானே நுழையாது என்பதும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தமிழ் நுழைவது எங்ஙனம் என்று காண்போம் எனின், கட்டற்ற மென்பொருள்களில் மொழிபெயர்ப்புக் கோப்புகள் வைக்கப்படும் அடைவில் 'லிங்குவாசு' என்னும் பெயருடைய சிறு கோப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். மொழிகளின் சுருக்கக் குறிகள் மட்டுமே அதில் அடங்கியிருக்கும். தமிழுக்கு உலக முறைப்படி வழங்கப்பட்ட குறி 'டி, ஏ' என்னும் ஈரெழுத்து. அவ்வீரெழுத்து அப்பட்டியலில் இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பு கட்டப்பட்டு மென்பொருளோடு சேரும். இல்லையேல், மொழிபெயர்ப்பாளர் ஆயிரம் தொடர்களை இரவு பகலாய்த் தமிழாக்கி வைத்திருந்தாலும் அக்கோப்பு கட்டப்படவே மாட்டாது. பிழையென்று கணினி கூவாது. மென்பொருள் ஆங்கிலத்தில் திறக்கும். தமிழில் இன்னும் ஆக்கப்படவில்லை போலும் என்று பயன்கொள்வோர் எண்ணிக்கொள்வர். தமிழர் சோம்பேறிகள் என்று பிறர் எண்ணிக்கொள்வர். உழைத்தவரோ தம் உழைப்பு எங்கே போயிற்று என்று அறியாமல் ஓய்ந்துவிடுவர். ஆயிரம் தொடரை ஈரெழுத்து வாயிலடைத்து நிறுத்துகின்றது.

குனோம், கேடிஇ ஆகிய இரு பெரும் மேசைச் சூழல்களுக்கும் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழாக்கம் நடந்துவருகின்றது. அவற்றைக் கட்டும் கருவிகளோ இடையில் மாறின. 1991-இல் தாவீது மெக்கன்சி தொடங்கிய 'ஆட்டோகான்பு' என்னும் ஆயத்தக் கருவியே நெடுங்காலம் ஆட்சி செய்தது. மொழிப்பட்டியலும் முன்னர் அதன் ஆயத்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டது, பின்னரே தனிக்கோப்பாயிற்று. பின்லாந்தின் உசி பக்கனென் 2013-இல் வெளியிட்ட 'மீசான்' என்னும் புதுக்கருவிக்குக் குனோம் திட்டங்கள் பலவும் பின்னர்க் குடிபெயர்ந்தன. குடிபெயரும் வீட்டில் எந்தத் தட்டுமுட்டு வண்டியில் ஏறும், எது பழைய வீட்டுப் பரணில் தங்கும் என்பது உடனிருந்து பார்ப்பவரைப் பொறுத்தது. செருமானியர்க்கும் பிரஞ்சியர்க்கும் சப்பானியர்க்கும் அங்கே உடனிருந்து பார்க்க ஆள் உண்டு. தமிழர்க்கு?

இன்னும் பெரிய செய்தி ஒன்று. இணைய வழங்கிகளில் 'நோடு' என்னும் இயக்குதளம் பரவலாகப் பயன்படுகின்றது. நாள், கிழமை, எண், பணம் ஆகியவற்றை அந்தந்த மொழிக்கேற்ப எழுதிக்காட்ட அது 'ஐசியூ' என்னும் மொழித்தரவுத் தொகுப்பை நாடுகின்றது. அத்தொகுப்பில் தமிழுக்குரிய கிழமைப் பெயர்களும் திங்கட் பெயர்களும் எண் பிரிக்கும் முறையும் அனைத்தும் உள்ளன. ஆயினும் 2019 வரை நோடு கட்டப்பட்டபோது, அளவு பெருகிவிடும் என்று கருதி, ஆங்கிலத் தரவை மட்டும் உள்ளே வைத்துப் பிறமொழிகள் யாவற்றையும் வெளியே விடும்படி ஆயத்த ஆணையில் ஒரு தெரிவு இயல்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. தமிழில் நாளைக் காட்டு என்று நிரலர் கேட்டால் ஆங்கிலத்தில் காட்டும். தவறு என்றும் சொல்லாது. வேண்டுவோர் தரவைத் தனியே கொணர்ந்து சேர்க்க வழி இருந்தது. அவ்வழியை அறிந்தோர் சிலர். 2019 அத்தோபரில் வந்த 13-ஆம் பதிப்பில்தான் அத்தெரிவு மாற்றப்பட்டு எல்லா மொழிகளும் உள்ளே வந்தன. தமிழும் வந்தது. அதற்காக எந்தப் போராட்டமும் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. நடக்கவேண்டும் என்று அறிந்தோரும் இலர். ஒரே ஒரு தெரிவு! அதனால் ஆண்டுக்கணக்கில் எத்தனையோ வலைத்தளங்கள் தமிழ் வாடிக்கையாளர்க்கு ஆங்கிலக் கிழமைகளையே காட்டிவந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவற்றையெல்லாம் தமிழ்ப்பகை என்று உடனே கூப்பாடு போடுவது தமிழர்க்குப் பழகிப்போன எளிய வழி. பகை உள்ள இடங்கள் உண்டு; அவற்றைத் தமிழர் அறிவர். ஆனால் நோடு செய்தியில் விடப்பட்டவை தமிழ் மட்டுமா? பிரஞ்சும் சீனமும் கூடவே விடப்பட்டன. ஆட்டோகான்பு ஆக்கித் தரும் ஆயத்த ஆணைத்தொடர், தான் ஓடத் தொடங்கும்போதே எல்லா மொழி அமைப்புகளையும் அணைத்துவிட்டு வெறும் அடிப்படை அமைப்பிலேயே ஓடும். அகரவரிசைப்படுத்தலும் செய்திகளும் நாட்டுக்கு நாடு மாறினால் கட்டும் வேலை குழம்பும் என்பதே அதற்குக் கரணியம். அது முறையானதே. அத்தகைய இடங்களில் போய்த் தமிழ்க்கொடி நாட்டுவது அறியாமை. எங்கே தமிழ் இருந்தாகவேண்டும், எங்கே இல்லாவிடினும் இழுக்கில்லை என்று பிரித்தறிவதற்கே தொழிலறிவு வேண்டியிருக்கின்றது. அவ்வறிவு இல்லாமல் எழுப்பும் முழக்கத்தை அத்துறையினர் ஒரு பொருட்டாக மதியார்.

சேலத்துக்கு இச்செய்தியில் பழைய தொடர்பு ஒன்றுண்டு. 1916-இல், சேலத்தில் வழக்குரைஞராய் இருந்த இராசகோபாலாச்சாரியார், வேங்கடசுப்பையரோடு சேர்ந்து, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கவென ஒரு கழகம் அமைத்து இதழும் வெளியிட்டார். அக்கழகத்தின் பெயரிலேயே 'சாத்திர பரிபாசை' என வடமொழி அமர்ந்திருந்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியதும் அதே 1916 என்பது எண்ணத்தக்கது. பின்னர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த பாவாணர், வேர்ச்சொல் ஆய்வால் தூய தமிழ்ச் சொல்லாக்கத்துக்கு உரமிட்டார். எவ்வகைச் சொல் என்பதில் இவ்விரு நெறியாரும் எதிரெதிர்த் திசையினர். ஆனால் ஒரு செய்தியில் இரு சாராரும் ஒத்திருந்தனர்: சொல் அமைந்துவிட்டால் அஃது ஏட்டில் ஏறிவிடும் என்று நம்பினர். அக்காலத்துக்கு அந்நம்பிக்கை பெரிதும் பொருந்தியது. எழுதித் தந்தால் அச்சுக்கோப்பாளர் கோத்துவிடுவார்.

அன்றுங்கூட அது முழு உண்மையன்று. பெரியார் 1935-இலேயே தம் 'குடியரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது 1978-இல். ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகத்திலும் புது 'லை'யும் 'னை'யும் வந்துவிடவில்லை. வார்ப்பெழுத்துச் செய்வோர் புது வார்ப்புச் செய்யவேண்டும்; அச்சகத்தார் வாங்கவேண்டும்; கோப்பவர் கை பழகவேண்டும். எழுத்துப்பெட்டியில் இல்லாத எழுத்து எவ்வளவு பெரிய ஆணை இருந்தாலும் தாளில் விழாது. இன்றைய கட்டுக்கோப்பு அன்றைய எழுத்துப்பெட்டியின் இடத்தில் இருக்கின்றது. வேறுபாடு ஒன்றே: அன்று அச்சகம் சேலத்துக் கடைத்தெருவில் இருந்தது, போய்க் கேட்கலாம், இன்று கட்டும் பட்டறை உலகெங்கும் பரந்து கிடக்கின்றது, ஆனால் கதவு எவர்க்கும் திறந்தே இருக்கின்றது. திறந்த கதவுக்குள் தமிழர் நுழையாமையை யார்மேல் ஏற்றுவது?

கட்டுக்கோப்பைப் பேணும் தொழில் பெருமை தருவதன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் பாவு தீர்ந்தவுடன் புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் முனையோடு பிணைக்கவேண்டும். அச்சுப் பிணைத்தல் என்று அதற்குப் பெயர். நெய்தவரைப் புகழ்வர், இளம்பிள்ளைச் சேலையின் பூவேலையைப் புகழ்வர், துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நடத்தும் சாக்கார்டுப் பொறியையும் புகழ்வர். ஆயிரக்கணக்கான இழைகளைக் குனிந்தபடி ஒவ்வொன்றாய்ப் பிணைத்தவரைச் சேலை உடுத்துவோர் எவரும் அறியார். அவர் வாராத நாளில் தறி ஓடாது. கட்டற்ற மென்பொருளில் கட்டுக்கோப்பைப் பேணுவோர் நிலையும் அதுவே. ஒரு வேறுபாடு, அச்சுப் பிணைப்பவர்க்குக் கூலி உண்டு.

கூலியும் பெயருமின்றி ஒருவர் தனித்துச் சுமக்கும் பணியில் என்ன நேரும் என்பதை 2024-இல் உலகம் கண்டது. 'எக்சு-செட்' என்னும் சுருக்கு மென்பொருள், கோப்புகளின் அளவைக் குறைக்கும் சிறு கருவி. ஆனால் லினக்சு ஓடும் வழங்கிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அஃது இருக்கின்றது. அதனைப் பல்லாண்டு தனியொருவராய்ப் பேணிவந்தவர் பின்லாந்தின் லாசே காலின். ஊதியமற்ற பொழுதுபோக்காய்ச் செய்துவந்த பணி. இடையில் உளநலமும் குன்றியிருந்தது. 2022-இல் சிலர், வேலை மெத்தனமாய் நடக்கின்றது, பொறுப்பை வேறொருவர்க்குக் கொடு என்று மின்னஞ்சலில் அவரை நெருக்கினர். அதற்கு முன்பே 'சியா தான்' என்னும் பெயரில் ஒருவர் நற்பணி பல செய்து நம்பிக்கை தேடியிருந்தார். பொறுப்பில் பங்கு அவர் கைக்குப் போயிற்று. அப்பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பும், மார்ச்சில் 5.6.1 பதிப்பும் வெளிவந்தன. அவற்றுள் நஞ்சு இருந்தது. அந்நஞ்சை வைத்த இடந்தான் இக்கட்டுரைக்கு உரிய செய்தி. எல்லாரும் படிக்கும் முதல்நிரலில் அதை வைக்கவில்லை. தேர்வுக் கோப்புகள் என்ற பெயரில் அதன் உடலை மறைத்து, அதைத் தட்டி எழுப்பும் கட்டளையை ஆயத்த ஆணைத்தொடரின் ஒரு துணுக்கில் வைத்தனர். அத்துணுக்கும் பொதுவில் அனைவரும் காணும் நிரற்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டித்தரும் பொதியில் மட்டுமே இருந்தது. ஏன் அவ்விடம்? கட்டுக்கோப்பை எவரும் படிப்பதில்லை என்று பகைவர் அறிந்திருந்தனர். தொலைவிலிருந்து வழங்கிக்குள் புகும் 'எசு-எசு-எச்' என்னும் வாயிலை மறைவாகத் திறந்துகொள்வது அவர்தம் நோக்கம்.

காட்டிக்கொடுத்தது அரை நொடி. மைக்ரோசாப்டு நிறுவனத்தில் பணிபுரியும் ஆண்டிரசு பிராயிண்டு என்னும் பொறிஞர், வழங்கிக்குள் புகுவதற்கு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகின்றதே என்று ஐயுற்றார், கைவிடாது துருவினார், 2024 மார்ச்சு 29-ஆம் பக்கல் உண்மையை உலகுக்கு அறிவித்தார். அதற்குள் தெபியன், பெடோரா ஆகியவற்றின் ஆய்வுநிலைப் பதிப்புகளில் அந்நஞ்சு ஏறியிருந்தது, நிலைப்பதிப்புகளில் ஏறவில்லை. இன்னும் சில திங்கள் எவரும் பாராதிருந்தால் ஏறியிருக்கும்.

அதே ஆளின் கைவேலை மற்றொன்றும் பின்னர்க் கண்டறியப்பட்டது. மென்பொருளைச் சிறைக்குள் வைத்து ஓடச்செய்யும் 'லேண்டுலாக்கு' என்னும் காப்பு இப்பொறியில் உண்டா என்று கட்டும்போதே சிறு நிரலொன்றைத் தொகுத்துப் பார்க்கும் வழக்கம். அச்சிறு நிரலுக்குள் ஒரேயொரு புள்ளி வேண்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. புள்ளியால் நிரல் பிழைபடும். பிழைபட்டால், காப்பு இல்லை என்று கட்டுக்கோப்பு முடிவு செய்யும். காப்பின்றியே மென்பொருள் கட்டப்படும். புள்ளி பெற்ற ககரமும் புள்ளி பெறாத ககரமும் ஒன்றல்ல என்று தொல்காப்பியக் காலந்தொட்டே அறிந்த மொழியார்க்கு, ஒரு புள்ளி எவ்வளவு செய்யும் என்பதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை. படித்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

அயலார்க்கு நேர்ந்தது தமிழர்க்கு என்ன என்று கேட்பார் இருக்கலாம். தமிழ் மென்பொருள்கள் பெரும்பாலன ஒருவர் இருவர் தோளிலேயே நிற்கின்றன என்பதை அவர் எண்ணவேண்டும். தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' மொழி 2009-இல் ஆய்வுரையாக வெளிப்பட்டது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் அவ் எழிலும் 'பைத்தான்' என்னும் அடித்தளத்தின்மேல் எழுந்தது. பைத்தானின் 2-ஆம் வரிசை 2020 சனவரி முதல் நாளோடு கைவிடப்பட்டது. பைத்தான் பொதிகளைக் கட்ட நெடுங்காலம் பயன்பட்ட 'டிசுட்டியுட்டில்சு' என்னும் பகுதி 2023 அத்தோபரில் வந்த 3.12 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. இவ்வாறு அடித்தளம் நகரும்போதெல்லாம் மேலே நிற்கும் ஒவ்வொரு தமிழ்த் திட்டத்தின் கட்டுக்கோப்பையும் யாரேனும் திருத்தியாக வேண்டும். நிரலில் ஒரு சொல்லும் மாறாமல் இருந்தாலும், கட்ட இயலாத நிரல் செத்த நிரலே. புதிதாய் ஒன்றை ஆக்கி விழாவெடுப்பதில் தமிழர்க்குள்ள ஊக்கம், ஆக்கியதை ஐந்தாண்டு கழித்தும் கட்டி ஓடவைப்பதில் இல்லை. ஏரி வெட்டுவோர் பெயர் கல்வெட்டில் இருக்கும்; தூர் வாரினோர் பெயர் இராது. தூர் வாராத ஏரிகளின் நிலையைச் சேலத்தார்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ!

பேணுதலிலும் தமிழர்க்கு நல்ல முன்னோடி இல்லாமலில்லை. 1974-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்குப் பாவாணர் முதல் இயக்குநரானார். 1981-இல் அவர் மறைந்தார். பணி அவரோடு மறையவில்லை. பிறர் கைக்கு மாறி மாறி, முப்பத்தொரு பகுதிகளாக வளர்ந்து முடிந்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்வதற்கு அங்கே அட்டைகளும் நெறிமுறையும் அலுவலகமும் ஊதியமும் இருந்தன. மென்பொருளுக்கு அவற்றை அமைக்க அரசு இன்னும் எண்ணவில்லை.

அரசைச் சொல்லும்போது ஒன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்குத் தந்த கணினிகளில் 'பாசு' என்னும் லினக்சு வகையும் இடம்பெற்றது. நடுவணரசின் சி-டாக்கு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் 2007 முதல் உருவானது அது. தமிழ் அதில் இருந்தது. ஆயினும் அதன் அடித்தளம் தெபியன். தெபியனின் பொதி ஒவ்வொன்றும் எவ்வாறு கட்டப்படவேண்டும் என்பது அப்பொதியின் 'நெறிகள்' என்னும் கட்டுக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதுவும் பெல்டுமனின் மேக்கு வழிவந்ததே. அங்கே ஒரு பொதியில் தமிழ் விடுபட்டிருந்தால், சென்னையில் கட்டியதிலும் விடுபடும். சென்னையில் விடுபட்டால் திருச்செங்கோட்டு மாணவர் மடியிலும் விடுபடும். கணினியை விலையின்றிக் கொடுத்த அரசு, அதற்குள்ளிருக்கும் தமிழைப் பேண எத்தனை பேரை அமர்த்தியது என்று கேட்பதற்குத் தமிழ் இயக்கங்களுக்கு உரிமை உண்டு. கேட்டனவாகத் தெரியவில்லை. கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை என்று கேட்பது எளிது. அது கண்ணுக்குத் தெரிகின்றது.

சேலம் அரசு பொறியியற் கல்லூரி 1966 முதல் நடக்கின்றது. சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கங்களில் அதன்பின் எழுந்த பொறியியற் கல்லூரிகள் பல. அவற்றில் கணினித்துறை மாணவர் ஒவ்வோராண்டும் இறுதியாண்டுச் செயல்திட்டம் ஒன்று செய்தே பட்டம் பெறுகின்றனர். அச்செயல்திட்டங்கள் பலவும் ஆண்டுக்கு ஆண்டு படியெடுத்துச் செய்யப்படுபவை. தேர்வு முடிந்தவுடன் கட்டித் தூக்கிப் பரணில் எறியப்படுபவை. அவற்றுக்கு மாற்றாக, மாணவர் இருவர்க்கு ஒரு கட்டற்ற மென்பொருள் என்று பிரித்துக்கொடுக்கப் பேராசிரியர்க்கு எவர் தடை? முதல்நிரலைக் கொணர்ந்து தம் கணினியில் தாமே கட்டவேண்டும். மொழிப்பட்டியலில் தமிழ்க்குறி உண்டா என்று பார்க்கவேண்டும். தமிழ்க்கோப்பு இருந்தும் பட்டியலில் இல்லையேல் சேர்த்து, திருத்தத்தைப் பேணுநர்க்கு அனுப்பவேண்டும். கட்டியபின் தமிழ் அமைப்பில் திறந்து, தமிழ் தோன்றுகின்றதா, எழுத்து உடைகின்றதா என்று காணவேண்டும். அயலார் திருத்தத்தை ஏற்க மறுத்தால், மறுப்பின் கரணியத்தைக் கேட்டு மீண்டும் அனுப்பவேண்டும். இதில் ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்குமே என்று கூசவேண்டுவதில்லை. அயலார் பட்டறையில் அயலார் மொழியில் பேசித் தமிழுக்கு இடம் பெறுவது இழுக்காகாது.

தனித்தமிழ் மன்றங்கள் செய்யத்தக்கது வேறு. மன்றத்துக்கு ஒரு மென்பொருள் என்று ஏற்று, அதன் தமிழ்க் கட்டுக்கோப்பைப் பார்த்துவரும் இளைஞர்க்குத் திங்கள்தோறும் சிறு தொகையேனும் தரலாம். ஒரு கூட்டத்துக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் அமைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டால், அத்தொகை பெரிதாகத் தோன்றாது. ஒருவர்க்குப் பதில் இருவர் அப்பணியில் இருக்குமாறு அமைத்தல் இன்னும் நன்று; லாசே காலின் தனியராய் இருந்தது போன்று எவரும் தனியராதல் கூடாது.

குனோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பதிப்பு வெளியிடுகின்றது. வெளியீட்டுக்குச் சில கிழமைகளுக்கு முன்பே தொடர்களை மாற்றாது நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர்க்குக் காலம் கொடுப்பது அவர்தம் வழக்கம். மாணவர் பட்டியலைப் பார்க்கவேண்டிய காலமும் அதுவே. பதிப்பு வெளிவந்தபின் கண்டுபிடித்தால், அடுத்த திருத்தப் பதிப்புக்குக் காத்திருக்க நேரும்.